அவள் உட்காரும் பக்கம்

ஓர் இடத்தில் நிலைகொள்ளாத சித்தியை, காலில் சக்கரம் கட்டியவள் என்று வீடே கேலி செய்யும். புற்றுநோய் அவளைக் கொண்டுபோன பிறகும், அவள் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் ஆய்வகத்தில் உயிரோடு இருந்தன. அவை எப்படிப் பரவுகின்றன என்பதுதான் அவளுடைய அக்கா மகளின் முனைவர் பட்ட ஆராய்ச்சி.

தட்டின் நடுவில் விட்ட செல்கள் நாலாபக்கமும் பரவ வேண்டும். இவையோ அக்கா மகள் உட்காரும் பக்கமாகவே ஊர்ந்தன. தட்டைத் திருப்பி வைத்தாள். மறுநாள் அவையும் அவள் பக்கமே திரும்பியிருந்தன. தன் நாற்காலியில் தோழியை உட்காரவைத்தாள், செல்கள் இம்மியும் அசையவில்லை.

"சித்திக்கு உன்மேல அவ்வளவு பாசம்டி!" என்று தோழி சிரித்தாள். சித்தி தூக்கி வளர்த்தவளுக்கும் சிரிப்புதான் வந்தது.

பேராசிரியர் வந்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார்.

"செல்லுக்கு ஏதும்மா பாசம்? குடியேற எங்க இடம் கிடைக்குமோ, அந்தப் பக்கம்தான் போகும்."

அக்கா மகள் சத்தமில்லாமல் எழுந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நடந்து, எதிர்ப்பக்கக் கதவோரம் போய் நின்றாள்.

"அடடே," என்றார் அவர், தலையைத் தூக்காமலே. "இப்போ கதவுப் பக்கம் திரும்புதே!"