வசந்தத்தில் தோண்டிய பியோனி

என் தங்கை ஹுய்லானின் கணவன் சாய் வென்பின், ஏதோ ஓர் அலுவலகத்தில் துணைப் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவன் எழுதிய கோப்பில் கையெழுத்துப் போட்டதைத் தவிர அங்கே என்ன கிழித்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நடை மட்டும் லுவோயாங் நகரமே அவன் பாட்டன் சொத்து என்பதுபோல இருக்கும்.

இந்தக் குளிர் முடிந்ததும் புது அடுக்குமாடியில் தரைத்தள வீட்டுக்குக் குடிபோனார்கள். வாசலில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தோட்டம். எங்கள் ஊர்ப் பியோனிப் பூத்திருவிழாவுக்கு வரும் தன் பழைய அலுவலக இயக்குநரை இந்த மேதாவி விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டான். வாசலில் பியோனி இல்லாவிட்டால் மானம் கப்பலேறிவிடுமாம். பழைய வீட்டில், கல்யாணமான வருஷம் ஹுய்லான் தன் கையால் நட்ட மஞ்சள் பியோனியை, மொட்டும் இலையுமாக, ஆள் வைத்துத் தோண்டிக்கொண்டு வந்து நட்டான்.

வசந்தத்தில்! எங்கள் ஊரில் மூக்கொழுகும் பிள்ளைகூட வசந்தத்தில் பியோனி வேரில் மண்வெட்டி வைக்காது. வேர் அறுந்த செடி மிச்சமிருக்கும் உயிரையெல்லாம் மொட்டில் கொட்டிப் பூத்துவிட்டு, பிறகு செத்துப்போகும்.

விருந்தன்று காலையில் போய்ப் பார்த்தேன். இலைகள் தொங்கிவிட்டன. மொட்டுகள் மட்டும் வெட்கமில்லாமல் பருத்து நின்றன.

"மாப்ள, மொட்டையெல்லாம் இப்பவே வெட்டிப் போடுங்க. செடியாவது பிழைக்கும்" என்றேன்.

"பதினோரு மொட்டு மதினி! உங்க முற்றத்துல இந்த ரகம் இல்லேன்னு வயித்தெரிச்சல்."

"எனக்கு வயிறுதான் எரியுது. உங்களுக்கு மூளையே கருகிப்போச்சு."

அவன் சிரித்தான். செவிடன் காதில் சங்கு ஊதி என்ன பயன்?

சமையலறையில் ஹுய்லான் மாவுக்குள் கறி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லேண்டி" என்றேன்.

"சொன்னேன்க்கா. செடிதானே, வேற வாங்கித் தர்றேன்னாரு."

அத்தோடு விட்டுவிட்டாள். காலமெல்லாம் அவன் சொன்னதற்குத் தலையாட்டியே கழுத்து தேய்ந்தவள். அவன்மேல் இருந்ததைவிட அவள்மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம் வந்தது. மண்ணாங்கட்டி!

மதியம் இயக்குநர் வந்தார். தொப்பை முதலில், அவர் பின்னால். மொட்டுகள் பாதி விரிந்திருந்தன. தோட்டத்தில் மேசை போட்டு, மதுக்கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வென்பின் முழங்கினான்.

"என் கையால வளர்த்தது ஐயா! வசந்தத்துல நடக்கூடாதுன்னு இந்த ஊர்ப் பொம்பளைங்க கதை கட்டுவாங்க. பாருங்க, எப்படி நிக்குதுன்னு!"

"பலே! எத்தனை வயசுச் செடி?" என்று கேட்டார் இயக்குநர்.

வளர்த்தவன் திருதிருவென்று விழித்துப் பெண்டாட்டியைப் பார்த்தான். ஹுய்லான் கையிலிருந்த பலகாரத் தட்டை மேசையில் வைத்தாள். ஈறு தெரிய அசடு வழியும் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள்.

முதல் பூவை வெட்டியபோது, "ஐயாவுக்குக் கொடுக்க வெட்டுறா" என்று வென்பின் இளித்தான். இரண்டாவதுக்கும் இளித்தான். நாலைந்து விழுந்ததும் எழுந்து ஓடிவந்தான்.

"ஏய், பைத்தியம் பிடிச்சுப்போச்சா? ஐயா முன்னாடி என்ன பண்ற?"

கடைசி மொட்டுவரை வெட்டி, எல்லாவற்றையும் அள்ளி அவன் கையில் திணித்தாள். "பூ கேட்டீங்க. வச்சுக்குங்க. செடி என்னோடது."

"கேவலம் ஒரு செடிக்காக என் மானத்தை வாங்குறியா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உன் முற்றத்துல இதுக்கு இடம் இருக்கா?"

"இருக்குடி. ஆனா இன்னொரு தடவை இப்ப தோண்டினா செத்தே போயிரும்."

"இப்ப இல்லக்கா. இலையுதிர் காலத்துல தோண்டிக்கலாம். அப்ப நானும் கூடவே வந்துடுறேன். ஒரு கட்டில் போட்டு வை."

இயக்குநர் கிண்ணத்தை ஓசைப்படாமல் கீழே வைத்தார். வென்பின் பூக்களை அணைத்தபடி நின்றான்.

"அதுவரைக்கும்?" என்றான்.

"அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள் ஹுய்லான். "செடிக்குத் தண்ணி ஊத்தணும்ல."