நம்ம ஆள்

கோடைத் திருவிழாவில் கூடாரம் அடிக்கிற வேலை என்றதும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வெளிநாடு வந்த நாளிலிருந்து குளிரும் கதவடைத்த வீடுகளுமாகப் பார்த்துச் சலித்தவன். அக்கா வீட்டு ஹாலில் சோபாதான் படுக்கை. மச்சான் பொறுப்பேற்றுப் போட்ட கையெழுத்தில்தான் அவன் இந்த நாட்டில் இருந்தான். கூடார வேலையும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

"மாப்ளே, இங்க யார் மேலயும் கை வச்சிராத. கேஸ்னு ஒண்ணு ஆச்சுன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான்," என்றார் மச்சான், இரும்பு முளையைத் தரையில் அறைந்தபடி.

"என்னைப் பார்த்தா கொசுகூட பயப்படாது மச்சான்."

"கொசுவுக்கு விசா வேணாம்டா."

மத்தியானம் தெரு கொள்ளாத ஜனம். மேடை முரசு நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. கூடாரத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்பிள்ளை தனியாக நின்று வீறிட்டுக்கொண்டிருந்தது. அவன் யோசிக்கவே இல்லை. கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் ஊரில் செய்வதைச் செய்தான். தூக்கித் தோளில் உட்கார வைத்துக் கூட்டத்துக்குள் நடந்தான், பெற்றவர்கள் கண்ணில் படட்டும் என்று.

பட்டது. முதல் குத்து விலாவில் இறங்கியது. யாரோ ஒருத்தி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். அடித்தவன் குழந்தையின் தகப்பன், கதவை அடைக்கிற உடம்பு. அடுத்த அடியில் காது அடைத்தது. கீழே விழுந்தவனைப் பூட்ஸ் கால்கள் தேடித்தேடி மிதித்தன. அவர்கள் கத்தியது எதுவும் புரியவில்லை. வெறி மட்டும் புரிந்தது.

மச்சான் பாய்ந்து வந்தார். தகப்பனை விலக்கவில்லை. இவனைச் சட்டையோடு தூக்கி நிறுத்தி, "நாயே! பிள்ளையத் தொடுவியா?" என்று பளார் பளாரென்று அறைந்தார்.

அவனுக்கு விளங்கிவிட்டது. நம்ம ஆளை நாமே அடித்துவிட்டால் அடுத்தவன் கை ஓங்க மாட்டான். கையை உயர்த்தாமல் வாங்கிக்கொண்டான்.

கூட்டம் பின்வாங்கியது. தகப்பன்கூட மிரண்டு கையை இறக்கிவிட்டான். மச்சான் நிறுத்தவில்லை. விரித்த கை முஷ்டியானது.

"என் சோபா... என் சோறு... எத்தனை நாளுடா..." அவனுக்கு மட்டும் கேட்கிற முனகல். உதடு கிழிந்தது. மூக்கு உடைந்த சத்தம் மண்டைக்குள் கேட்டது. அந்த அடிகள் கூட்டத்துக்காக விழுந்தவை அல்ல.

போலீஸ்காரர்கள் மச்சானை இழுத்துக் கவிழ்த்து விலங்கு மாட்டினார்கள். ஒரு போலீஸ்காரி அவன் பக்கத்தில் குந்தி, தன் போனில் ஏதோ பேசி அவன் முகத்தருகே நீட்டினாள். போன் அதை மொழிபெயர்த்துப் புத்தகத் தமிழில் கேட்டது: "இந்த நபர் உங்களைத் தாக்கினாரா?"

"உன்னைக் காப்பாத்தத்தான் மாப்ளே... சொல்லுடா!" தரையில் கன்னம் அழுந்தக் கிடந்த மச்சான் கத்தினார்.

காப்பாற்றியதும் பொய்யில்லை. மூக்கை உடைத்ததும் பொய்யில்லை. அவன் ரத்தத்தை விழுங்கினான். முரசு மறுபடி தொடங்கிவிட்டது. அவள் போனை நீட்டியபடியே காத்திருந்தாள்.

"ஆமா," என்றான்.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். "போய்ப் பெட்டியக் கட்டுடா மாப்ளே," என்றார் மெதுவாக.