அக்காவின் குரலும் ஒரு பச்சைப் பொத்தானும்

1.0

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. "அதுவா நின்னு போச்சுக்கா, நான் ஒண்ணும் பண்ணல" என்று அக்காவிடம் சொன்னேன். பண்ணினேன். நேரில் ஒப்புக்கொள்ளத் துணிச்சல் இல்லாததால் கதையாக எழுதுகிறேன். உண்மையைத் தேடி எழுத வருகிறவர்கள் இருக்கிறார்களாம். நான் திட்டுக்குப் பயந்து வந்தவன்.

1.1

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் மௌனத்தின் ஆழத்தில்...'

மழை பெய்யவில்லை. அக்காவும் எந்த ஆழத்திலும் இல்லை; சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

1.3

(1.2 எங்கே என்று கேட்காதீர்கள். அது 1.1 உடன் ஒத்துப்போகவில்லை. என் தொழிலில் இது சகஜம்.)

தொழில், போன்களுக்குச் செயலி எழுதுவது. ஆறு வருடங்களுக்கு முன் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து அக்காவுக்குக் குரல் போயிற்று. போவதற்கு முன் அவளை நாள் கணக்கில் வாசிக்கவைத்துப் பதிவு செய்துகொண்டோம். அவள் தட்டச்சு செய்தால் அவள் குரலிலேயே பேசும் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். எழுதினேன் என்பது கொஞ்சம் அதிகம். குரலை உண்டாக்கும் பகுதி முன்பின் தெரியாத யாரோ எழுதி வைத்தது. அப்படி எடுத்துச் சொருகிக்கொள்வதை லைப்ரரி என்போம். நான் அதைச் சுற்றி நாலு பொத்தான் வைத்தேன். "எல்லாம் தம்பி எழுதினது" என்று அக்கா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

1.4

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கை சும்மா இருக்கவில்லை. 'பேசு' பொத்தானைப் பச்சையாக, ஓரம் வளைந்ததாக மாற்றலாமே என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை. அதற்குப் புதிய கம்பைலர் வேண்டும். (நாம் எழுதியதைப் போனுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர்.) மாற்றினேன். கூட இருந்த பதினோரு லைப்ரரிகளும்* புதிதுக்கு மாறிக்கொண்டன. குரல் லைப்ரரி மட்டும் முரண்டுபிடித்தது. தான் பழைய கம்பைலரில் உருவானது, இது ஒத்துவராது என்று சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. அதை எழுதியவரோ மூன்று வருடங்களாக யாருக்கும் பதில் போடுவதில்லை.

புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் எச்சரிக்கையை அணைத்தேன். எச்சரிக்கை போய்விட்டது, ஆகவே பிரச்சினையும் போய்விட்டது என்று அக்காவின் போனில் ஏற்றினேன். பச்சைப் பொத்தான் அழகாக இருந்தது. அழுத்தியதும் செயலி மூடிக்கொண்டது.

(பழைய பிரதியை எடுத்து வைத்திருந்தாயா என்று கேட்கும் வாசகர் தயவுசெய்து அடுத்த பகுதிக்குப் போகவும்.)

* பதினொன்றில் நான்கு எதற்கென்று எனக்கே தெரியாது.

2.0

சமாளிக்க, போனில் ஏற்கெனவே இருந்த பொதுக்குரலை மாட்டிக் கொடுத்தேன். அக்கா என்னைத் திட்டிப் பார்த்தாள்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்றது அது, வாடிக்கையாளர் சேவைப் பெண் போலக் கனிவாக. நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

மாலையில் வெளியூரிலிருந்து அவள் மகள் கூப்பிட்டாள். அக்கா தட்டினாள்: "சாப்டியாடி?"

"யாருங்க நீங்க? அம்மா போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

நான் போனைப் பிடுங்கி விளக்குவதற்குள் அந்தப் பக்கம் அழுகை ஆரம்பித்துவிட்டது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். நாலு நாள் தொடவில்லை. வேண்டியதை மளிகைச் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினாள். என்னைத் திட்டி ஒரு வரி எழுதவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2.1

[இங்கே அக்கா கண்கலங்குவதாக ஒரு பத்தி இருந்தது. கலங்கியது நான். நீக்கிவிட்டேன்.]

புதிய கம்பைலருக்குக் குரல் லைப்ரரி ஆகாது. பழையதற்குத் திரும்பினால், புதிதுக்கு மாறிவிட்ட மற்றப் பதினொன்றும் வராது. நாலாம் நாள்தான் உறைத்தது: ஒரே வீட்டில் ஒத்துப்போகாதவர்களுக்குத் தனிக்குடித்தனம் வைத்தால் என்ன? பழைய கம்பைலரைத் தேடிப்பிடித்து, குரல் லைப்ரரியை மட்டும் வைத்துத் தனியாக ஒரு குட்டிச் செயலி செய்தேன். பெரிய செயலி எழுத்தை அனுப்பும், குட்டி பேசும்.

பேசியது. அக்காவின் குரலேதான்.

"இந்தப் பச்சை கண்றாவியா இருக்குடா."

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரே ஒரு குறை. எழுத்து அங்கே போய்க் குரலாக வர இரண்டு வினாடி ஆகிறது. அக்கா வாய்க்கு வாய் பதில் கொடுப்பவள். இப்போது யார் என்ன சொன்னாலும் பொத்தானை அழுத்திவிட்டு, பார்த்தபடி இருக்கிறாள், பிறகுதான் பதில். "அம்மா இப்பல்லாம் யோசிச்சுப் பேசறாங்க மாமா" என்கிறாள் மகள். "உங்கக்கா ரொம்பப் பக்குவமாயிட்டா" என்கிறார் அக்கா வீட்டுக்காரர். "எல்லாம் செயலி செஞ்ச வேலை" என்று இந்தப் பெயரையும் நானே வாங்கிக்கொண்டேன். குரல் திரும்பிவிட்டது. பொய் அப்படியே இருக்கிறது.

3.0

முடிவு ஒன்று: லைப்ரரியை எழுதியவர் பதில் போடுகிறார். (போடவில்லை.)

முடிவு இரண்டு: கதையைப் படித்த அக்கா என் தலையைத் தடவி... (அவளை உங்களுக்குத் தெரியாது.)

இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்துவிட்டு, எதிரில் நின்றபடியே இதை எழுதுகிறேன். 1.4 இல் புருவம் ஏறியது. 2.0 இல் வெகுநேரம் தாளைத் திருப்பவில்லை. இப்போது போனை எடுக்கிறாள். தட்டுகிறாள். நீளமாக ஒன்றுமில்லை. பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.

இரண்டு வினாடி இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். என்ன சொல்கிறாள் என்று நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.