நாலாவது கட்டத்தில் ஆமை

“தோ பாரு மித்ரா, இந்தப் படக்கதையில இன்னா சிரிப்பு கீது? உசரமா கீற வாத்தி இருமிக்கினே கீறான். குள்ளப் பையன் மேசைக்கு அடியில குந்திக்கினு ஆமையோட தாயம் ஆடறான். அவ்ளோதானே?”

“மூணாவது கட்டத்துல இன்னா உடையுது, பாரு.”

“அமோனியா பைப்பு. அது நம்ம கம்பெனி சங்கதி, அது புரியுது.”

“காத்தோட கனம் இருபத்தொன்பதுன்னா அமோனியா வெறும் பதினேழு. லேசான கேஸு, நேரா கூரைக்குப் போயிடும். ஊருக்கே அடர்த்தி பாடம் எடுக்கற வாத்தி நிமிர்ந்து நின்னு மாட்டிக்கினாரு. பாடத்தையே கவனிக்காத பையன் நாலாவது கட்டத்துல ஆமையோட குனிஞ்சி தப்பிச்சிட்டான். அதான் ஜோக்கு.”

டில்லிபாபு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தான். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தான். “அப்போ பைப்பு பெருசா புட்டுக்கினாகூட குனிஞ்சிக்கினே வந்தா போதும்ன்றே?”

“பின்ன? ஆமை மாதிரி வந்துடு.”

போன ஞாயிற்றுக்கிழமை, வாயில் வெற்றிலையோடு, விளையாட்டாக அவள் சொன்ன வார்த்தை அது.

சங்கமித்ரா வேதியியல் படித்தவள். கல்மண்டபத்தில் ஒரு மாடி அறையில் டியூஷன் எடுக்கிறாள். அவள் கணவன் டில்லிபாபு, அமோனியாவை ஓட்டித் தண்ணீரை உறைய வைக்கும் காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். எந்த நாட்டிலிருந்தோ இணையத்தில் வரும் அந்தக் குச்சி மனிதர்களின் படக்கதைதான் இருவரையும் சேர்த்துவைத்தது. பேருந்தில் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தவளிடம், “இன்னா மேடம், எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?” என்று கேட்டவன் அவன். அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தாள், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். புரியாமல் அவன் ஒரு நாளும் சிரித்ததில்லை. “இன்னொரு தபா சொல்லு” என்பான். புரிந்துவிட்டால், அவள் சொன்னது அவனுக்குக் கல்வெட்டு.

இன்று புதன்கிழமை. வெயில் இறங்கும் நேரம். பிள்ளைகளுக்குச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தவளின் மூக்கில் சுருக்கென்று ஏறியது. அந்தப் பக்கத்தில் எப்போதாவது லேசாக வீசும் வாடைதான். ஆனால் இன்று கண் எரிந்தது. தெருவில் யாரோ கத்தினார்கள். “ஐஸ் கம்பெனி பைப்பு புட்டுக்கிச்சி! துணிய நனச்சி மூஞ்சில வெச்சிக்கினு ஓடுங்க!”

பிள்ளைகளைத் தெற்குப் பக்கமாக அனுப்பிவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். துறைமுகச் சாலையின் கோடியில் வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. மேலே போகவில்லை. முழங்கால் உயரத்துக்குத் தரையை ஒட்டி, ஊற்றிவிட்ட பால் போலத் தவழ்ந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னது தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

தினமும் கண்ணெதிரே பார்க்கும் காட்சி. ஐஸ் வண்டி போகும்போது வெள்ளை ஆவி வண்டியிலிருந்து கீழேதானே வழிகிறது? குளிர்ந்த காற்று கனம். அழுத்தத்தில் திரவமாக அடைத்து வைத்திருக்கும் அமோனியா பீறிட்டால் எவ்வளவு குளிர்ந்து போகும்! கூரைக்கு எங்கே போகும்? தரையில்தான் படுக்கும். சின்னச் சின்னக் கசிவு மட்டும் பார்த்தவனுக்கு அவள் சொன்னது சரியாகவே பட்டிருக்கும். அவன் இந்நேரம் குனிந்திருப்பான். அவள் சொன்னாள் என்று, ஆமை மாதிரி.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மெஷின் ரூமுக்குள் போகுமுன் போனை வாசல் பெட்டியில் போட்டுவிடுவார்கள் என்று தெரியும். தெரிந்தும், ‘குனியாதே, நிமிர்ந்து ஓடு’ என்று அனுப்பினாள்.

துப்பட்டாவை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, காற்று வரும் கடல் பக்கத்துக்கு வடக்குச் சந்துகளைச் சுற்றி ஓடினாள். எதிரே கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த மீன்காரம்மா ஒருத்தி, “எங்கடி போற, பேஜாரு புடிச்சவளே!” என்று கையைப் பிடித்து இழுத்தாள். உதறிக்கொண்டு ஓடினாள்.

பாழாய்ப்போன மனசு போன வருஷத்தைக் கொண்டுவந்து முன்னால் போட்டது. சின்னக் கசிவு ஒன்றில், மயங்கிக் கிடந்த கூட்டாளி அலெக்ஸாண்டரை டில்லிபாபு முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அலெக்ஸாண்டரின் மனைவி ஜெஸ்லின், எங்கே பார்த்தாலும் சங்கமித்ராவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ‘இனிமே யாருக்காகவும் உள்ளே போகாதே’ என்று கணவனிடம் சொல்ல வேண்டிய வார்த்தை எத்தனையோ தடவை சங்கமித்ராவின் நாக்கு வரை வந்தது. ஜெஸ்லினின் கை ஞாபகம் வரும். வார்த்தை உள்ளே போய்விடும்.

படகுகள் கட்டும் இடத்தில் கூட்டம். முதலில் கண்ணில் பட்டது ஜெஸ்லின்தான். “அக்கா, பயப்படாதீங்க! அலெக்ஸு வந்துட்டாரு, எல்லாரும் வந்துட்டாங்க. உங்க வூட்டுக்காரருதான் கடைசியா வந்தாரு.”

கவிழ்த்துப் போட்ட மீன் கூடையில் அவன் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. கூட வேலை பார்க்கும், சின்னப்பையன் என்று பெயர் கொண்ட பருத்த ஆள் அவன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

“வா டீச்சரம்மா,” என்றான் டில்லிபாபு. குரல் கரகரத்தது. “ஆமை மாதிரிதான் வந்தேன். கீழதான் முழுசும் கீது. இவன் காலரைப் புடிச்சித் தூக்கி நிக்க வெக்கலன்னா நான் காலி. அந்த ஜோக்க இன்னொரு தபா சொல்லு.”

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “தப்பா சொல்லிட்டேன் பாபு. கேஸோட கனத்தைச் சொன்னேன், குளிரைச் சொல்லாம விட்டுட்டேன். குளுந்துட்டா அது தரையிலதான் நிக்கும்.”

“சரி வுடு. மேல கொஞ்சம் காத்து கீதுன்றே, அப்படித்தானே?”

அதற்குள் முதலாளி பாலகணேஷ் அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து வந்தார். “டில்லி, ஆளெல்லாம் வெளிய வந்தாச்சு. பின்பக்கத்து வால்வு ஒண்ணுதான் பாக்கி. தீயணைப்பு வண்டி வாரதுக்குள்ள ஒரு எட்டு போயி மூடிட்டு வந்துருதியா? ஒனக்குத்தான் கண்ண மூடிக்கிட்டே கை போவும்.”

டில்லிபாபு எழுந்தான். துண்டைத் தண்ணீரில் முக்கினான். அவளைப் பார்த்துச் சிரித்தான், புரிந்துகொண்டவனின் சிரிப்பு. “இந்தத் தபா நிமிர்ந்தே போறேன். அவ்ளோதானே?”

அவள் திருத்திச் சொன்னதே அவனுக்கு வழியாகிவிட்டது! ஜெஸ்லின் பக்கத்திலேயே நின்றாள். சின்னப்பையன் வழிவிட்டு ஒதுங்கினான். எல்லாருடைய முகத்திலும், அவன் போவான் என்ற நிம்மதி.

சங்கமித்ரா எழுந்து அந்த ஈரத் துண்டின் மறுமுனையைப் பிடித்தாள். ஜெஸ்லினைப் பார்க்கவில்லை.

“உள்ள போகாதே பாபு. வால்வுக்காகவும் போகாதே, ஆளுக்காகவும் போகாதே. இன்னிக்கி மட்டும் இல்ல, இனிமே எப்பவும்.”