வழியெல்லாம் பைன் கிளை

பிக்கப்பின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ஒத்தீலியா மடியிலிருந்த கேக்கை இருக்கையில் வைத்தாள், வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினாள், ஓரத்துப் பைன் மரத்தில் கிளை வெட்ட ஆரம்பித்துவிட்டாள். நாற்பத்தாறு வருஷம் ஒரு பஸ் டிரைவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலைப்பாதையில் வண்டி நின்றால் அறுபது தப்படி தள்ளி நாலு பச்சைக் கிளை போடவேண்டும். வருகிறவன் அதைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, எதிர்ப்பக்கம் ஒதுங்கி, ஜன்னலில் தலையை நீட்டி விசாரித்துவிட்டுத்தான் போவான். ஹோண்டுராஸில் போலீஸ்காரனை மதிக்காதவன்கூடக் கிளையை மதிப்பான்.

"என்ன அண்ணே, படுத்துக்கிச்சா?" என்றான் முட்டைக்கோஸ் லாரிக்காரன்.

"படுக்கல தம்பி. கொஞ்சம் யோசிக்குது" என்றார் அவள் புருஷன் எர்மினியோ, பானெட்டுக்குள்ளிருந்து.

ஒத்தீலியா சிரித்துக்கொண்டே கல்லில் உட்கார்ந்தாள். கொமயாகுவாவில் தங்கை வீட்டுப் பிறந்தநாள் விருந்து. கேக்கின் மேல் மூன்றடுக்கு கிரீம். வெயிலோ பதினோரு மணிக்கே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"கிழவா, இது அதே வளைவுதானே?"

அதே வளைவுதான். எழுபத்தெட்டாம் வருஷம் எர்மினியோ ஓட்டிய பஸ்ஸுக்கு 'மலைராணி' என்று பேர். அது ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். அது நின்று நின்றே வழியில் ரெண்டு ஊர் முளைத்தது என்பார்கள். அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு ஃபேன் பெல்ட் அறுந்தது. உள்ளே நாற்பத்திரண்டு பேர், ஏழு கோழி, ஒரு பன்றி. அவர்களுக்கு நடுவில் இரவல் செருப்பும் நைலான் காலுறையும் போட்ட இருபது வயசு ஒத்தீலியா. மதியம் ரெண்டு மணிக்குத் தலைநகரத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு நேர்காணல். கிளையைப் பார்த்து ஒதுங்கிய முதல் ஜீப்பில் ஒரே ஒரு இடம் இருந்தது. பல்வலியில் கன்னம் பப்பாளியாக வீங்கிய ஒரு ஆளுக்கு அதைக் கொடுத்துவிட்டு, "நான் அடுத்ததுல போறேன்" என்றாள்.

எர்மினியோ அந்த நிமிஷமே காதலில் விழுந்தார். விழுந்தவர் காதில் 'அடுத்தது' என்ற சொல் மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தது. அடுத்தது பத்து நிமிஷத்தில் வந்துவிடும். இவளைக் கொண்டுபோய்விடும். கத்தியை எடுத்துக்கொண்டு வளைவுக்கு அப்பால் போனார். முதலில் பாதுகாப்புக்குத்தான் வெட்டினார். அப்புறமும் வெட்டினார். பாதி மலை மொட்டையாகும்வரை வெட்டி, கீழேயும் மேலேயும் சாலையின் முழு அகலத்துக்கும் பரப்பினார். நாலு கிளையைப் பார்த்தவன் வண்டி நின்றிருக்கிறது என்று நினைப்பான். காடே படுத்துக் கிடப்பதைப் பார்த்தவன் என்ன நினைப்பான்? கடைசியில் ஒரு கோவேறு கழுதைக்காரன்தான் வந்து சேர்ந்தான். "கீழே மலையே சரிஞ்சிருச்சாம்! நாப்பது வண்டி திரும்பிப் போயிருச்சு!" எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எர்மினியோவும் போட்டுக்கொண்டார்.

ரெண்டு மணி அடித்ததும் ஒத்தீலியா காலுறைகளைக் கழற்றி நீட்டினாள். "இனிமே இது எதுக்கு? உங்க வண்டிக்காவது உதவுமா பாருங்க." எர்மினியோ மேல்பக்கக் கிளைகளை ஓடிப்போய் ஓரம் தள்ளிவிட்டு வந்து, அறுந்த பெல்ட்டுக்குப் பதிலாக அதை முறுக்கிக் கட்டியதும் மலைராணி முனகாமல் தலைநகரம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் கல்யாணம். அதிலிருந்து ஊரில் ஒரு திருமணம், ஒரு ஞானஸ்நானம் விடாமல் அவள் சொல்லிவந்தாள்: "இந்தக் கழுதைய நான் கட்டிக்கணும்னு கடவுளே மலையைத் தள்ளிவிட்டாரு." ஒவ்வொரு தடவையும் எர்மினியோ தன் காப்பியைக் கலக்கிக்கொண்டிருப்பார், அதில் சர்க்கரை இல்லாதபோதும்.

இப்போது அவள் கண்மேல் கைவைத்து மலையைப் பார்த்தாள். "எங்க சரிஞ்சுது? ஒரு வடுகூடக் காணோமே."

நாற்பத்தேழு வருஷத்தில் மரம் வளராதா என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மலை சரியல, ஒத்தீலியா."

"பின்ன?"

"நான்தான்."

சொல்லிவிட்டார். ஜீப், பப்பாளிக் கன்னம், ஒவ்வொரு கிளை. காலுறையைக் கட்டினால் வண்டி ஓடும் என்பது காலை ஒன்பது ஐந்துக்கே தெரியும் என்பதையும் விடவில்லை. சொல்லும்போது தன் காதுக்கே வேடிக்கையாக இருந்ததால் நடுவில் கொஞ்சம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு அந்த வேலை கெடச்சிருக்குமா?"

"எனக்கு எப்படிடி தெரியும்?"

"எனக்கும் தெரியாது" என்றாள். "அதான்."

கீழிருந்து ஒரு நீலக் கார் கிளையைப் பார்த்து ஒதுங்கி, ஊர்ந்து வந்து நின்றது. ஓட்டிவந்த டீச்சரம்மா தலையை நீட்டினாள். பின்னால் மூன்று பிள்ளைகள். "கொமயாகுவா போறோம்மா. ஒருத்தர் ஏறலாம்."

ஒத்தீலியா எழுந்து பாவாடையைத் தட்டினாள். கேக்கை எடுத்துக்கொண்டாள்.

"கோவமா?" என்றார் எர்மினியோ.

"கேக் உருகுது."

கார் வளைவில் மறைந்தது. திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசியது. பின்னாலேயே ஒரு கரும்பு லாரி வந்தது. அவருக்கு இடம் விடுவதற்காக எதிர்ப்பக்கச் சக்கரம் சாக்கடை விளிம்பில் தொங்கும்வரை ஒதுங்கி, நத்தை மாதிரி கடந்தது. "என்ன ஆச்சு, பெரியவரே?" என்றான் டிரைவர்.

"கொஞ்சம் யோசிக்குது" என்றார் எர்மினியோ, கார் போன வளைவைப் பார்த்தபடி. லாரியிலிருந்து கரும்புத் தோகைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, அவரைச் சுற்றித் தாரில் சறுக்கிக்கொண்டு போயின.