கட்டைபறிச்சானுக்கு டீயா ரீயா

தன் மகன் இராகுலனை எங்கே, எப்படிப் பறிகொடுத்தார் என்பதைச் சின்னராசா வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் வாய் திறந்து சொன்னார். அதையும் வீட்டில் சொல்லவில்லை. திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் மகள் கஜந்தி வேலை பார்த்த அலுவலகத்தின் பின்னறையில், ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் இருந்து சொன்னார். மகள் கதவுக்கு வெளியே போய்விட வேண்டும் என்று முதலே கேட்டுக்கொண்டார். அவளும் போய், முற்றத்தில் மேய்ந்த மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சண்டைக் காலத்தில் கட்டைபறிச்சானை விட்டு எல்லாரும் காட்டுவழியே ஓடியபோது அப்பாவும் அண்ணனும் ஒன்றாகத்தான் போனார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார். நடுவில் என்ன நடந்தது என்று அம்மா நல்லம்மா கேட்காத நாளில்லை. கெஞ்சிக் கேட்டாள், சண்டை பிடித்துக் கேட்டாள், சோறு போடாமல் இருந்தும் பார்த்தாள். அந்த மனிதர் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார். பாலையூற்றில் புது வீடு கட்டிக் குடிவந்த பிறகும் அந்தக் கேள்வி அவர்களோடுதான் குடியிருந்தது.

கஜந்தியின் அலுவலகம் அப்படிப்பட்ட கதைகளைச் சேர்க்கவென்றே வந்தது. கொட்டியாரக் குடாவைச் சுற்றியிருந்த சனம் பட்டதையெல்லாம் குரலாகப் பதிந்து வைப்பது அதன் வேலை. பதிந்ததும் பூட்டுப் போட்டுவிடுவார்கள். சாட்சி சொன்னவருடைய பாதுகாப்புக்காம். கோப்புறைக்கு ஆங்கிலத்தில் ஊரும் பேரும் தட்டி வைப்பது கஜந்தியின் வேலை. திறந்து கேட்கும் அதிகாரம் அவளுக்கு இல்லை. தான் கண்மூடிய பிறகு மகள் மட்டும் கேட்கலாம் என்று அப்பா எழுதிக் கொடுத்திருந்தார்.

மாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த கையோடு கஜந்தி கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு எழுதினாள். பதில் வர ஆடியாகிவிட்டது. அனுமதி கிடைத்த அதே கிழமை, காசு தந்த வெளிநாட்டுக்காரர் அலுவலகத்தை மூடச் சொல்லிவிட்டார்கள் என்ற செய்தியும் வந்தது. நல்ல பொருத்தம் பார்த்துத்தான் இரண்டையும் சேர்த்து அனுப்பினார்கள்.

மூடுவதென்றால் பழைய டிஸ்க்கில் இருந்த குரல்களை ஊர் ஊராகப் பிரித்துப் புதிய டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். பிறகு பழையதைத் துடைத்துவிட வேண்டும். அதற்காகக் கொழும்பில் இருந்து திலக்சன் என்ற பெடியன் வந்து இறங்கினான். மட்டக்களப்பில் பிறந்து கொழும்பில் படித்தவன். கெட்டிக்காரன்தான், அதை அவனே ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் சொல்லிக்கொண்டும் இருந்தான்.

“தம்பி, அப்பாடைய மட்டும் முதல்ல எடுத்துத் தாங்கோவன்,” என்று கஜந்தி கேட்டாள்.

“பழைய டிஸ்க்கில பூட்டைத் திறக்க ஏலாது அக்கா. புதுசில ஏத்தினாப் பிறகுதான் திறப்புத் தருவினம். ஒரு நாளைக்குப் பொறுங்கோ.”

அலுவலகப் பணிப்பாளர் அம்மாவும் அதையேதான் சொன்னார். கஜந்தி பொறுத்தாள். அவள் வீட்டில் எல்லாரும் பொறுத்துத்தானே பழக்கம்.

திலக்சன் மவுசைத் தொடுகிற ஆள் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையாகத் தட்டினான். கோப்பு இருக்கும் பாதைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சொன்ன மாதிரிக்குப் பொருந்துவதை மட்டும் பொறுக்கி எடுக்கும் கட்டளை அது. “ஊர்ப் பேரின்ர முன்பாதியைக் குடுத்து, முன்னாலயும் பின்னாலயும் ஒவ்வொரு நட்சத்திரம் வைச்சால் சரி அக்கா. நட்சத்திரம் எண்டால் அந்த இடத்தில என்ன வந்தாலும் சரியெண்டு அர்த்தம். மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும்,” என்றான். தோப்பூருக்கு ஒரு வரி, மூதூருக்கு ஒரு வரி. கட்டைபறிச்சானுக்கு இப்படித் தட்டினான்:

*/Kattai*

“கொப்பி பண்ண முதல் ஒருக்கால் காட்டுங்கோ,” என்றாள் கஜந்தி.

காட்டினான். கட்டைபறிச்சான், கட்டைபறிச்சான் என்று திரை நிறைய வரிகள் ஓடின. ஓட்டமென்றால் சும்மா ஓட்டமில்லை, கண் எட்டிப் பிடிக்க முடியாத ஓட்டம். ஊர்ப்பெயரைக் கண்டதுமே அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஓமென்று தலையாட்டினாள். அன்று பின்னேரமே பழைய டிஸ்க் துடைக்கப்பட்டது. யாரும் எந்த வித்தை செய்தும் ஒரு குரலைக்கூட மீட்டெடுக்க முடியாதபடி, மேலுக்கு மேல் பூச்சியம் எழுதித் துடைத்தார்கள். அதுவும் சாட்சிகளின் பாதுகாப்புக்குத்தான்.

அடுத்த நாள் காலையில் பூட்டைத் திறக்கும் கடவுச்சொல் வந்தது. கஜந்தி சாமி கும்பிட்டுவிட்டுப் புதிய டிஸ்க்கைத் திறந்தாள். கட்டைபறிச்சானில் ஆட்கள் இருந்தார்கள். சின்னராசா இல்லை. அலுவலகம் தொடங்கிய முதல் வருசம், அப்பாவைப்போல வந்து பேசிய ஒருவருமே இல்லை.

ஏன் இல்லை என்பது அவளுக்குச் சட்டென்று விளங்கியது. எங்கள் பக்கத்தில் ‘ட்ட’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ‘d’ என்ற டீ இரண்டு போட்டுத்தான் எழுதுவோம். கொட்டியாரத்துக்கு டீ, கட்டைபறிச்சானுக்கும் டீ. அவளுடைய பிறப்புச் சான்றிதழிலேயே Kaddaiparichchan என்றுதான் இருக்கிறது. முதல் வருசம் அவள் தட்டிய கோப்புறைகள் எல்லாவற்றுக்கும் அதே எழுத்து. பிறகு இப்போதைய பணிப்பாளர் அம்மா வந்து, தெருப் பலகையில் இருப்பதுபோல ‘t’ என்ற ரீ இரண்டு போட்டு Kattaiparichchan என்று எழுதச் சொன்னார். அன்றிலிருந்து ரீ. தமிழ் தெரிந்த கண்ணுக்கு இரண்டும் ஒரே ஊர்தான். வாசிக்கும்போது வித்தியாசமே தெரியாது. அதனால்தான் திரையில் வரிகள் ஓடியபோது அவளும் ஏமாந்தாள். மெசினுக்குத் தமிழ் தெரியாது. ரீ கேட்டான், ரீயைக் கொடுத்தது. டீக்காரரெல்லாம் பூச்சியத்துக்குள் போனார்கள். ஒன்றுமே வராமல் போயிருந்தால் அவனுக்குச் சந்தேகமாவது வந்திருக்கும். பாதி வந்ததுதான் கெடுத்தது.

திலக்சனைக் கூப்பிட்டாள். அவன் முகம் வெளிறிப் போயிற்று. இருந்தாலும் கை திரும்பக் கட்டளைக்குத்தான் போனது.

*/Ka[dt][dt]ai*

“சதுர அடைப்புக்குள்ள இரண்டு எழுத்தையும் போட்டால், எது வந்தாலும் பிடிக்கும் அக்கா. பாப்பம்.”

பிடித்தது. அதே ரீக்காரரைத்தான் பிடித்தது. இல்லாதவரை எந்த அடைப்புப் போட்டும் பிடிக்க முடியாது.

“இந்தச் சதுர அடைப்பு நேற்று எங்க தம்பி போயிருந்தது?”

பதிலை அவன் கொழும்புக்கு ஈமெயிலாக எழுதியிருந்தான் என்பது மத்தியானம்தான் தெரிந்தது. உள்ளூர் ஊழியர் பெயர்களை ஒரே சீராக இடாததால் சில பதிவுகள் விடுபட்டன என்று எழுதியிருந்தான். பணிப்பாளர் அம்மா கஜந்தியைக் கூப்பிட்டு, “இதெல்லாம் ஆர் தட்டினது?” என்று கேட்டார்.

“நான்தான் மெடம்.”

“பாத்தீங்களா,” என்றார் அவர், ஏதோ வழக்குத் தீர்ந்துவிட்டது போல. சொந்த ஊரின் பெயரைச் சொந்த ஊர்க்காரி எழுதியது பிழையாம். நட்சத்திரத்தை நம்பி ஊரையே துடைத்தவனிடம் பிழை இல்லையாம். கஜந்திக்கு அந்த மேசையைப் புரட்டிவிட வேண்டும் போலிருந்தது. புரட்டவில்லை. அவளுடைய வேலைச் சான்றுக்கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவரும் அதே அம்மாதான்.

மிச்சமிருந்த ஒரே ஆள் பரீனா. அப்பாவிடம் கேள்வி கேட்டுப் பதிந்த மூதூர்ப் பெண். இப்போது கட்டார் நாட்டில் இருக்கிறாள். கஜந்தி போன் எடுத்தாள்.

“அல்லாஹ்வே,” என்றாள் பரீனா. “உங்கட வாப்பா அழுதது நினைவிருக்கு தங்கச்சி. தண்ணி எடுத்துக் குடுத்தனான். ஆனா எத்தினை பேர்ட கதை கேட்டனான் நான்... ஒண்டோட ஒண்டு கலந்து போச்சு. ஒரு வாய்க்கால் எண்டார், ஒரு ட்ரக் எண்டார். அது உங்கட வாப்பாவா வேற ஆளா எண்டு என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல ஏலாது. பிழையா ஒண்டைச் சொல்லிட்டு நான் பாவத்தில போக மாட்டன்.”

அதற்குமேல் அவளைக் கேட்கவும் கஜந்திக்கு மனம் வரவில்லை.

பாலையூற்றுக்குப் பஸ்ஸில் வரும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். வாய்க்கால், ட்ரக் என்று எதையாவது சேர்த்து ஒரு கதை கட்டலாம். அம்மா நம்புவாள். ஆனால் இத்தனை வருசம் கேட்டவளுக்குப் பொய்யைக் கொடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. உண்மையையே சொல்வது என்று முடிவெடுத்தாள்.

நல்லம்மா தலைக்கு முழுகி, வெளுத்த சேலை உடுத்து, முன்விறாந்தைக் கதிரையில் காத்திருந்தாள். மகள் செருப்பைக் கழற்ற முதலே கேட்டாள்.

“கேட்டனியே பிள்ளை?”

“இல்லையம்மா. அது அழிஞ்சு போச்சு.”

“என்னெண்டு அழியும்?”

கஜந்தி சொன்னாள். டீ, ரீ, நட்சத்திரம், பழைய டிஸ்க், பூச்சியம், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது சின்னப் பிள்ளை கட்டிய பொய் மாதிரிக் கேட்டது. ஒரு எழுத்தால் மனிதர் காணாமல் போவார்களா என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள். கடைசியில் அவளுக்கு அழுகை வந்து, கதையை முடிக்க முடியாமல் நின்றாள்.

நல்லம்மா மகளின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அழுறாய்?”

“சத்தியமா நான் கேக்கேல்லையம்மா.”

“கொப்பரும் காட்டால தனியத் திரும்பி வந்த அண்டைக்கு இப்பிடித்தான் நிண்டவர். ஒண்டும் தெரியாது எண்டிட்டு அழுதவர்.” நல்லம்மாவின் குரலில் கோபம் இல்லை. “நீ கேட்டிட்டாய். உனக்கும் சொல்ல வாய் வரேல்லை. அப்பிடியெண்டால் என்ர பிள்ளையை அவ்வளவு மோசமா என்னவோ செய்துதான் சாகடிச்சிருக்கிறாங்கள்.”

“அம்மா, இல்லை. எனக்குத் தெரியாதம்மா.”

“சரி, விடு. இனி நான் கேக்க மாட்டன்.”

அவள் எழுந்து குசினிக்குள் போய், மகளுக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.