ஜோடி வாக்கு

மாடி ஜன்னல் திரையை இறக்கப்போன டோர்காஸின் கையை லெட்டிஷியா எட்டிப் பிடித்தாள்.

"வேணாம். திறந்தே இருக்கட்டும்."

"சாவு விழுந்த வீட்டுல திரை திறந்திருந்தா தெருவே பேசும்மா."

"ஆறு மணிக்கு இறக்கலாம். அதுவரைக்கும் அப்பா தூங்கறார். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

வேலைக்காரி முணுமுணுத்தபடி கீழே போனாள். கட்டிலில் பாரிஸ்டர் ஆம்புரோஸ் தாரோல்ட் கிடந்தார். நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் ஓயாமல் பேசிய தாடையைக் கைக்குட்டையால் கட்டியிருந்தது.

இன்று அவருடைய மசோதாவுக்கு வாக்கெடுப்பு. கணவனைப் பிரிந்த பெண் தன் குழந்தையைக் கேட்டு வழக்குப் போடலாம் என்ற மசோதா. ஒரே வாக்கில் தோற்றாலும் தோற்கும். இன்று புதன்கிழமை, ஆறு மணிக்குள் வாக்கெடுப்பை முடித்துச் சபை கலைந்துவிடும். லெட்டிஷியாவின் மகன் யார்க்கில் அவன் அப்பாவிடம் வளர்ந்தான். அவன் பேசத் தொடங்கியதை அவள் கேட்டதில்லை.

படுக்கையில் விழுந்ததும் தாரோல்ட் எதிர்க்கட்சி ஹெஸ்கெத்தோடு ஜோடி சேர்ந்திருந்தார். இவர் வர முடியாதவரை அவரும் வாக்களிக்கமாட்டார். எல்லாம் வாய்ச்சொல்தான். ஒருவர் இறந்தால் மற்றவருக்கு விடுதலை. சபைக்கு இங்கிருந்து வண்டியில் கொஞ்ச தூரம்தான்.

ஐந்து மணி வாக்கில் ஹெஸ்கெத்தே வந்து நின்றார்.

"உங்கப்பன் இல்லாத சபையில தூக்கமே வரமாட்டேங்குது. எப்படி இருக்கான்?"

"தூங்கறார், மாமா."

"அவனா? ஜட்ஜ் பேசினாத்தானே தூங்குவான்."

படியில் கால் வைத்தார்.

"இப்பத்தான் கண் அசந்தார். எழுப்ப வேணாமே."

ஹெஸ்கெத் நின்றார். தெருவரை கேட்டுக்கொண்டிருந்த இருமல் இன்று இல்லை. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். லெட்டிஷியாவும் அப்போதுதான் பார்த்தாள். உயிர் பிரிந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிடுவது வழக்கம். டோர்காஸ் மறக்காமல் செய்திருந்தாள். பெண்டுலம் அசையாமல் தொங்கியது.

அவர் தன் பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். நேரம் இருந்தது. வாசலில் வண்டியும் நின்றது.

"தேநீர் கிடைக்குமா, லெட்டி?"

கொண்டுவந்து வைத்தாள். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மோசமான மசோதா அது. குடும்பத்தையே உடைச்சிடும். அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன்."

"தெரியும், மாமா."

"இன்னைக்கும் அதைத்தான் சொல்வேன்."

"ம்."

தேநீரில் ஆடை படிந்தது. ஒருமுறை குதிரை கனைத்தது. அவர் வாசல் பக்கம் திரும்பிவிட்டு மீண்டும் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

தூரத்துக் கோபுரத்தில் ஆறு அடித்தது. கடைசி மணி ஓயும்வரை இருந்துவிட்டு ஹெஸ்கெத் எழுந்தார். தெருப்பக்க ஜன்னலுக்குப் போய்த் திரையை இறக்கினார். பிறகு அடுத்த ஜன்னல். மூன்றாவதில் கயிறு சிக்கிக்கொண்டது. லெட்டிஷியா போய் மறுமுனையைப் பிடித்தாள்.